மரவாழ் டாரன்டுலா நலம் குன்றினால்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறிதல்

மரத்தில் வாழும் டாரன்டுலா சிலந்திகளை வளர்ப்பவர்களுக்கு ஏற்படும் தொல்லைகளில் பெரும்பகுதி நோயால் வருவதில்லை. கூண்டுக்குள் காற்று தேங்குவதாலும், கிண்ணத்தில் இருக்க வேண்டிய நீர் சுவரிலும் தரையிலும் ஊறிக் கிடப்பதாலும் வருகிறது. எனவே எந்த அறிகுறியைக் கண்டாலும், சிலந்தியின் மீது கை வைப்பதற்கு முன் கூண்டை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். அமேசான் காடுகளின் அவிக்குலேரியா, மார்ட்டினிக் தீவின் கரிபெனா வெர்சிகலர், டிரினிடாடின் சால்மோபியஸ் கேம்பிரிட்ஜி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் பொய்சிலோதீரியா ஆகிய அனைத்தும் தரைக்கு மேலே, காற்று அசைந்துகொண்டே இருக்கும் இடத்தில் வாழப் பழகியவை. மழை பெய்தால் நனைந்தாலும் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும் சூழல் அது. மூடிய பெட்டிக்குள் நாள்தோறும் நீர் தெளித்து நாம் உண்டாக்கும் புழுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கூண்டில் சரிபார்க்க வேண்டியவை சிலவே. அகலத்தைவிட உயரம் அதிகமாக இருக்க வேண்டும். காற்றுத் துளைகள் மூடியில் மட்டுமல்லாமல் எதிரெதிர்ப் பக்கச் சுவர்களிலும் இருக்க வேண்டும். மூடியில் மட்டும் துளையிட்ட பெட்டியில் காற்று குறுக்கே ஓடாது. சிலந்தி ஒளிந்துகொள்ளச் சாய்த்து நிறுத்திய கார்க் பட்டையோ உள்ளீடற்ற மரத்துண்டோ வேண்டும். தரையில் சில சென்டிமீட்டர் உயரத்துக்குத் தென்னை நார்த்தூளும், எப்போதும் நிறைந்திருக்கும் நீர்க்கிண்ணமும் தேவை. வெப்பநிலை 22 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் பெரும்பாலான இனங்களுக்குப் போதும். ஈரப்பதமானியைப் பொருத்தி அதன் எண்ணைத் துரத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 80 விழுக்காடு என்று எங்கோ படித்துவிட்டு, அந்த எண் வரும்வரை துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தவர்களின் சிலந்திகளே அதிகம் இறக்கின்றன.

இவற்றோடு, கடைசியாக எப்போது தோல் உரித்தது, எப்போது உண்டது என்ற இரு தேதிகளையும் கூண்டின் மேல் ஒரு சீட்டில் குறித்து வைத்திருந்தால், கீழ்க்காணும் குழப்பங்களில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

உணவை மறுக்கிறது

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டியதும் இதுதான். முதலில் வயிற்றைப் பாருங்கள். வயிறு உருண்டு திரண்டு, மேலோட்டைவிட (உடலின் முன்பகுதியை மூடிய கெட்டியான ஓடு) தெளிவாகப் பெரிதாக இருந்து, உடலின் நிறம் மங்கி, முடி உதிர்ந்த இடத்தில் தோல் கருத்துத் தெரிந்தால், சிலந்தி தோலுரிப்புக்குத் தயாராகிறது. பல மரவாழ் இனங்கள் இக்காலத்தில் தம் வலைக்குழாயின் வாயைத் தடித்த வலையால் அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வெளியே வருவதில்லை. வளர்ந்த பெண் சிலந்தி மாதக்கணக்கில்கூட உண்ணாமல் இருக்கும். அடைத்த வலையைப் பிரித்து உள்ளே பார்ப்பதும், இரையை உள்ளே திணிப்பதும் தீங்கு விளைவிக்கும். நீர்க்கிண்ணத்தை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேறு வேலை இல்லை.

இந்த நேரத்தில் உயிருடன் விட்ட சில்வண்டோ கரப்பானோ உண்ணப்படாமல் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் அதைக் கட்டாயம் வெளியே எடுத்துவிட வேண்டும். தோல் உரித்துக்கொண்டிருக்கும் சிலந்தியால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது; பசித்த சில்வண்டு அதைக் கடித்துக் கொன்றுவிடும்.

வயிறு கொழுத்திருக்கவில்லை, தோலுரிப்புக்கான அறிகுறியும் இல்லை என்றால், அண்மையில் கூண்டு மாற்றினீர்களா என்று எண்ணிப் பாருங்கள். புதிய இடத்தில் வலை பின்னி முடிக்கும்வரை சில வாரங்கள் உண்ணாமல் இருப்பது இயல்பு. அடுத்து இரையின் அளவைப் பார்க்க வேண்டும். இரை சிலந்தியின் வயிற்றுப்பகுதியின் நீளத்தை மிஞ்சாமல் இருப்பது நல்லது. குட்டிகள் தம்மைவிடப் பெரிய இரையைக் கண்டு ஓடி ஒளிந்துகொள்ளும். அவற்றுக்குத் தலை நசுக்கிய சிறு பூச்சியை வலையின் வாயருகே வைத்தால் இரவில் வந்து எடுத்துக்கொள்ளும். இரை தரையில் மட்டுமே உலவினால், மேலேயே தங்கியிருக்கும் சிலந்தி அதை அறியாமலே போகலாம் என்பதும் பலர் கவனிக்காத காரணம். இடுக்கியால் பட்டையின் மீது விட்டுப் பாருங்கள்.

ஆண் சிலந்தி முதிர்ச்சி அடைந்தபின் உணவில் நாட்டம் இழப்பது வேறு கதை. முகத்தின் இருபுறமும் கால் போலத் தோன்றும் உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போலத் திரண்டிருந்தால் அது முதிர்ந்த ஆண். பல இனங்களில் முன்கால்களில் சிறு கொக்கிகளும் தோன்றும். பொய்சிலோதீரியாவில் கொக்கிகள் இருக்கமாட்டா என்பதால் கொக்கி இல்லை என்று பெண்ணாக எண்ணிவிடக் கூடாது. இத்தகைய ஆண் பொதுவாக மறுபடி தோல் உரிப்பதில்லை. இரவெல்லாம் கூண்டைச் சுற்றும். மெல்ல மெல்ல மெலியும். அதன் ஆயுள் முடியும் காலம் அது. திருத்த எதுவும் இல்லை.

தரையில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, அல்லது காற்றுத் துளையை ஒட்டியே நிற்கிறது

மரவாழ் சிலந்தி நாட்கணக்கில் தரையில் இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். நீர் அருந்த இறங்கியிருந்தால் சில மணி நேரத்தில் ஏறிவிடும். குட்டிகளில் சில, குறிப்பாகப் பொய்சிலோதீரியாவும் சால்மோபியஸும், முதல் சில தோலுரிப்புகள் வரை மண்ணில் வளை தோண்டி வாழ்வது இயற்கையே. வளர்ந்தபின் மேலே ஏறும். இவை தவிர்த்து, வளர்ந்த சிலந்தி வலையைக் கைவிட்டுத் தரையின் ஈரத்தில் ஒடுங்கிக் கிடந்தால் நீரிழப்பையும், துளையின் மீது முகத்தை ஒட்டியபடி பகலிலும் அசையாமல் நின்றால் புழுக்கத்தையும் ஐயுற வேண்டும்.

கூண்டின் உட்சுவரில் காலையில் படிந்த நீர்த்துளிகள் பிற்பகலிலும் இருந்தால் காற்றோட்டம் போதவில்லை. எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்றில் கீழ்ப்பகுதியிலும் மற்றதில் மேற்பகுதியிலும், சிலந்தி நுழைய முடியாத அளவில் வரிசையாகத் துளைகள் இட வேண்டும். துளையிடும்போது சிலந்தியை வேறு பெட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது. சூடேற்றிய கம்பியால் துளையிட்டால் பிளாஸ்டிக் புகை முற்றிலும் போகும்வரை திரும்ப வைக்கக் கூடாது.

அவிக்குலேரியா, கரிபெனா குட்டிகள் நன்றாக உண்டுகொண்டிருந்து ஒரே நாளில் இறந்துபோவதை வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாகக் காரணமறியாத் திடீர் மரணம் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். அத்தகைய இழப்புகளைக் கேட்டு விசாரித்தால் பெரும்பாலும் ஒரே வகைக் கூண்டே கண்முன் வரும்: மூடியில் மட்டும் நாலைந்து துளைகள், எப்போதும் ஈரமாக இருக்கும் நார்த்தூள், காலையும் மாலையும் தெளிப்பு. குட்டிக்கு நீர் தேவை என்பது உண்மை. ஆனால் வலையின் ஓரத்தில் இரண்டு மூன்று துளிகள் விழுமாறு வாரத்துக்கு இரண்டு முறை தெளித்து, அடுத்த முறைக்குள் முழுவதும் காய விட்டால் போதும். தாகமுள்ள குட்டி அந்தத் துளியை நோக்கி மெல்ல வந்து, நச்சுப்பற்களை விரித்து, முகத்தைத் துளிக்குள் அழுத்தி அசையாமல் நிற்பதைக் காணலாம். சில நிமிடங்களில் துளி சுருங்கிவிடும்.

மல்லாந்து கிடக்கிறது, அல்லது கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டுள்ளன

இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவதால்தான் பல சிலந்திகள் உயிரிழக்கின்றன. மல்லாந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ, கால்கள் விரிந்த நிலையில் கிடந்தால் அது தோலுரிப்பு. மரவாழ் இனங்கள் பெரும்பாலும் வலைக்குழாய்க்குள்ளேயே இதைச் செய்வதால், கண்ணாடிச் சுவரை ஒட்டிக் குழாய் அமைந்திருந்தால் மட்டுமே நமக்குத் தெரியும். முதலில் மேலோடு முன்விளிம்பில் விடுபட்டு மூடி போல மேலெழும். பின் வயிற்றின் பக்கங்களில் தோல் பிளக்கும். அதன்பின் சிலந்தி உடலை அலையலையாக விம்மச் செய்து கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய உறைகளிலிருந்து உருவிக்கொள்ளும். சிறு குட்டிக்கு அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரிய சிலந்திக்குப் பல மணி நேரம் ஆகலாம். இடையில் நெடுநேரம் அசையாமல் ஓய்வெடுப்பதும் உண்டு. கூண்டை அசைப்பது, ஊதிப் பார்ப்பது, நீர் தெளிப்பது, புரட்டிப் போடுவது எதுவும் கூடாது.

மாறாக, சிலந்தி நிமிர்ந்த நிலையில், கால்கள் அனைத்தும் உடலுக்கு அடியில் மடங்கி முட்டி மேலெழும்பி இருந்தால் அது அபாய நிலை. சிலந்தியின் கால்களில் மடக்குவதற்குத் தசைகள் இருந்தாலும், முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசைகள் இல்லை. உடல்நீர்மத்தின் அழுத்தத்தாலேயே கால் நீள்கிறது. உடலில் நீர் குறைந்தாலும் உயிர்ப்பு ஒடுங்கினாலும் அந்த அழுத்தம் இறங்கிக் கால்கள் தாமாகவே சுருண்டுவிடும்.

இந்நிலையில் செய்ய வேண்டியது இது. ஆழமற்ற தட்டில் அறை வெப்பத்திலுள்ள நீரைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, சிலந்தியின் முன்பகுதி, அதாவது நச்சுப்பற்களின் அடிப்பகுதியில் உள்ள வாய், நீரைத் தொடுமாறு மட்டும் வைக்க வேண்டும். வயிற்றின் அடிப்பக்கத்தில் இரண்டு இணையாக உள்ள புத்தக நுரையீரல்கள் (ஏடுகள் போல அடுக்கிய மூச்சுறுப்புகள்) நீருக்கு வெளியே இருக்க வேண்டும். சிறு குட்டியானால் தூரிகையின் நுனியில் ஒரு துளியை வாயருகே வைத்தால் போதும். அதன்பின் கூண்டின் வெப்பத்தைச் சரிபார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். நீரிழப்பு மட்டுமே காரணமாக இருந்தால் சில மணி நேரத்தில் கால்கள் நெகிழத் தொடங்கும். ஈரத்துணி விரித்த மூடிய டப்பாவுக்குள் அடைத்து வைக்கும் பழைய முறையை நான் ஏற்பதில்லை. ஏற்கெனவே மூச்சுத் திணறும் உயிரை மேலும் புழுக்கத்தில் தள்ளுவதே அதன் பயன்.

தோல் பாதியில் சிக்கிக்கொண்டது

பெரிய சிலந்தி பல மணி நேரமாக முன்னேற்றமின்றி, கால்கள் பாதி உறைக்குள் சிக்கிய நிலையில் சோர்ந்துவிட்டால் மட்டுமே தலையிட வேண்டும், அவசரம் கேடு. மென்மையான தூரிகையில் வெதுவெதுப்பான நீரைத் தொட்டுச் சிக்கிய பழைய தோலின் மீது தடவி, அது இளகும்வரை காத்திருக்க வேண்டும். நுரையீரல் பகுதியில் நீர் படக் கூடாது. இளகிய பழைய தோலை மட்டும் நுண்ணிய இடுக்கியால் சிறிது சிறிதாக நீக்கலாம். காலைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஏனெனில் புதுத்தோல் காகிதத்தைவிட எளிதில் கிழியும். ஒன்றிரண்டு கால்கள் மட்டும் சிக்கி, சிலந்தி மற்றபடி எழுந்து நின்றுவிட்டால் அப்படியே விடுவதே மேல். அது தானே அக்காலைக் கழற்றிவிடும். அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கால் மறுபடி முளைக்கும், முதலில் மெலிதாகவும் பின்னர் இயல்பான பருமனிலும்.

தோலுரிப்பில் கால்களைவிட வாயும் இரையுறிஞ்சும் இரைப்பையும் முக்கியமானவை, ஏனெனில் அவற்றின் உட்படலமும் உரிய வேண்டும். கழற்றிய சட்டையை எடுத்து உள்ளே பார்த்தால், வயிற்றுப்பகுதியில் நான்கு வெண்ணிறத் திட்டுகள் தெரியும். அவை நுரையீரல்களின் உறைகள். பற்களும் உறிஞ்சுபையின் படலமும் முழுமையாக வந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடலாம். உரித்த உடன் புதிய பற்கள் வெள்ளையாக இருக்கும். பிறகு சிவந்து, இறுதியில் கருக்கும். கருத்தபின்பே உணவு தர வேண்டும்: குட்டிக்குச் சில நாட்கள், பெரிய சிலந்திக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். இக்காலத்தில் நீர் மட்டும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

வயிறு சுருங்கியுள்ளது, அல்லது அளவு மீறிப் பருத்துள்ளது

சுருங்கி மடிப்பு விழுந்த வயிறு பசியைவிடத் தாகத்தையே காட்டுகிறது. உணவைவிட நீரை முதலில் கொடுங்கள். வெப்பவிளக்கும் கூண்டின் அடியில் வைத்த வெப்பத்தகடும் சிலந்தியை உலர்த்திவிடுவதில் முன்னணியில் உள்ளவை. வெப்பம் தேவைப்பட்டால் அறையையே சூடாக்குங்கள். இயலாவிடில் பக்கச் சுவருக்கு வெளியே தெர்மோஸ்டாட் இணைத்த தகட்டை வைக்கலாம்.

மேலோட்டின் அளவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வயிறு பருத்தால் உணவின் இடைவெளியைக் கூட்டுங்கள். மரவாழ் சிலந்தி செங்குத்தாக ஏறுவதால், கனத்த வயிற்றோடு சறுக்கி விழுந்தால் தோல் கிழிந்து இறந்துவிடலாம். வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ ஒரு இரை போதும்.

உடலிலிருந்து நீர்மம் கசிகிறது

சிலந்தியின் உடல்நீர்மத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு கலந்த புரதம். ஆகவே கசிவு நிறமற்றோ இளநீலமாகவோ தெரியும், சிவப்பாக இருக்காது. கால் நுனியில் சிறு கசிவானால் சிலந்தியே நிறுத்திக்கொள்ளும். நிற்காவிட்டால் சோள மாவைத் தூரிகையால் அந்த இடத்தில் அழுத்தி ஒற்ற வேண்டும். வயிற்றில் சிறு கிழிசல் ஏற்பட்டால், கசிவை ஒற்றி எடுத்தபின் மிகச் சிறு துளி சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) பசையால் மூடலாம். அடுத்த தோலுரிப்பில் அது உதிர்ந்துவிடும், ஆனால் அவ்விடத்தில் தோல் சிக்கவும் வாய்ப்புண்டு என்பதால் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். அசைவு குறைந்த, இருண்ட, நீர் எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். உயரமான கூண்டில் கூர்மையான கற்களும் முள்கொம்புகளும் வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

வாயருகே வெண்மை, அல்லது உடலில் வெண்புள்ளிகள்

நகரும் வெண்புள்ளிகளில் இரு வகை உண்டு. தொட்டால் துள்ளிக் குதிப்பவை ஸ்பிரிங்டெயில்கள். இவை பூஞ்சையையும் கழிவையும் உண்பவை, நல்லவை. துள்ளாமல் மெல்ல ஊர்ந்து, மூட்டுகளிலும் வாயைச் சுற்றியும் கூட்டமாக மொய்ப்பவை மைட் எனப்படும் நுண்ணுண்ணிகள். பெரும்பாலானவை சிலந்தியை உண்ணாமல் இரையின் மிச்சங்களையே நாடி வருகின்றன. ஆயினும் வாயையும் நுரையீரல் துளைகளையும் அடைக்கும் அளவுக்குப் பெருகினால் தீங்கு. சிலந்தியை உலர்ந்த, வெறும் காகிதம் விரித்த பெட்டிக்கு மாற்றி நீர்க்கிண்ணம் மட்டும் வையுங்கள். பழைய நார்த்தூளையும் பட்டையையும் தூக்கி எறிந்துவிட்டுக் கூண்டை வெந்நீரில் கழுவிக் காய வையுங்கள். மருந்து தெளிக்கவே கூடாது, ஏனெனில் உண்ணியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும்.

வாயில் கெட்டியான வெண்ணிறக் கசிவு, துர்நாற்றம், மாதக்கணக்கில் உணவு மறுப்பு, கால் நுனிகளில் நிற்பது போன்ற நடை ஆகியவை சேர்ந்தால் நூற்புழுத் தொற்றை ஐயுற வேண்டும். டாரன்டுலாவைத் தாக்கும் நூற்புழு இனம் ஒன்றை, வளர்ப்பிலிருந்த சிலந்திகளிலிருந்து பிரித்து 2022-இல் ஆய்வாளர்கள் விவரித்தனர். நம்பத்தக்க சிகிச்சை இதற்கு இல்லை. அந்தச் சிலந்தியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, அதற்குத் தனி இடுக்கியும் தனிக் கிண்ணமும் ஒதுக்கி, அதைக் கையாண்ட கையோடு மற்றக் கூண்டுகளைத் தொடாமல் இருக்க வேண்டும். சிறு ஈக்கள் கூண்டுகளுக்கிடையே பறப்பதையும் தடுக்க வேண்டும்.

நடை தடுமாறுகிறது, கால்கள் இழுத்துக்கொள்கின்றன

கால்கள் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் வெட்டி வெட்டி இழுப்பதும், நடக்க முயன்று புரள்வதும் நரம்புக் கோளாற்றின் அறிகுறி. எல்லா நேரமும் காரணம் புலப்படுவதில்லை. முதலில் நச்சுப் பொருளையே தேட வேண்டும்: அறையில் அடித்த பூச்சிக்கொல்லி, கொசு விரட்டி ஆவி, நாய்க்கோ பூனைக்கோ போட்ட உண்ணி மருந்தைத் தொட்ட கை, மருந்து தெளித்த இடத்தில் பிடித்த இரை. சிலந்தியை வேறு அறைக்கு, புதிய நார்த்தூள் இட்ட காற்றோட்டமான பெட்டிக்கு மாற்றி நீர் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சில மீளும், பல மீளா. வெளியில் பிடித்த பூச்சிகளை இரையாக்குவதை அறவே விடுங்கள்.

கவலைப்பட வேண்டாதவை

கண்ணாடியில் சுண்ணாம்பு தெறித்தது போன்ற வெள்ளைக் கறைகள் சிலந்தியின் கழிவு. அவிக்குலேரியா பின்புறத்தை உயர்த்தித் தொலைவுக்குப் பீய்ச்சும், குனிந்து பார்ப்பவரின் முகத்திலும். வயிற்றில் முடி உதிர்ந்த வெற்றிடம், அரிப்பூட்டும் முடிகளை உடைய அமெரிக்கக் கண்டத்து இனங்களில் பெரும்பாலும் தற்காப்பின் விளைவு. அடுத்த தோலுரிப்பில் மறையும். பொய்சிலோதீரியாவுக்கு அத்தகைய முடிகள் இல்லை. அது ஓடும், அல்லது கடிக்கும். அதன் கடி கடும் வலியையும் நாட்கள் நீடிக்கும் தசைப்பிடிப்பையும் தரும் என்பதால், கடித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கூண்டைத் திறக்கும்போதெல்லாம் நீண்ட இடுக்கியும், சிலந்தியின் மேல் கவிழ்த்து மூட ஒரு குவளையும் கைவசம் இருக்க வேண்டும். நார்த்தூளில் பூஞ்சை படர்ந்தால் அந்தப் பகுதியைக் கரண்டியால் அள்ளி எறிந்து, உண்டு துப்பிய இரைச்சக்கைகளை நீக்கி, ஒரு வாரத்துக்குத் தெளிப்பதை நிறுத்தினால் போதும்.